உன் சொல்லை விற்கிறார்கள்

இன்று காலை ஐஸ்பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. மேல்தட்டின் மூலையில் ஜாதிக்காய் ஜெருக் போத்தல். கல்யாணமான புதிதில் சௌராஸ்தா பாசாரில் நாம் வாங்கிய ஊறுகாய். நீ இருந்தவரை தூக்கிப் போடச் சொன்னாய். நான் போடவில்லை. நீ போன பிறகும் அது அங்கேயேதான் இருந்தது. இன்று அதைப் பையில் போட்டு உன் பெரியக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். காரணம் உனக்குப் பிடிக்காது. உன் சொல்லை விற்கிறார்கள்.

பீச் ஸ்திரீட்டில் அந்தப் பங்குத் தரகு அலுவலகத்தில் சேர்ந்ததிலிருந்து, தினமும் ஏதாவது ஒரு சொல்லோடு வீட்டுக்கு வருவாய். வட்டிக்கு விடுகிறவனை ஏன் ஆலோங் என்கிறார்கள் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாய். சீனத்தில் பெரிய காது ஓட்டை என்று பொருளாம். ஏன் காது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒன்றையும் நீ நம்பவில்லை. ரிங்கிட் என்ற பேர் பழைய வெள்ளிக்காசின் பல் பல்லான விளிம்பிலிருந்து வந்தது என்றதை மட்டும் ஒத்துக்கொண்டாய்.

"அது போரடிக்குது லா, அப்ப உண்மையாத்தான் இருக்கும். கதை ரொம்ப அழகா இருந்தா, யாரோ எதையோ விக்கிறாங்கன்னு அர்த்தம்."

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணினிச் சிப்புகளைச் சோதிக்கிறவன். தேறியது ஒரு பெட்டி, தேறாதது ஒரு பெட்டி. உன் கதைகளில் பாதி என் காதில் ஏறியதில்லை. இது மட்டும் ஏறியது.

ஒரு ஞாயிறு மதியம் ஐஸ்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். போத்தலைத் தூக்கிக் காட்டினாய். உள்ளே மேலாக வெள்ளைப் பூஞ்சை.

"இத போட்றவா?"

"இருக்கட்டும். நல்ல வெல குடுத்து வாங்குனது."

"இப்ப யாராச்சும் சும்மா குடுத்தா சாப்பிடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இத இன்னும் வச்சிருக்கே?"

பதில் சொல்லாமல் போத்தலை வாங்கி உள்ளே வைத்தேன். நீ சிரித்தாய். "எங்க கஸ்டமர்ல பாதிப் பேரு உன்ன மாதிரித்தான். விழுந்து போன ஷேர விக்கவும் மாட்டாங்க, அது ஏறும்னு நம்பவும் மாட்டாங்க. வாங்குன வெலயவே சொல்லிட்டு இருப்பாங்க."

மறுநாள் அப்படிப்பட்ட பங்குகளுக்கு ஜெருக் என்று பேர் வைத்தாய். சீக்கிரமே அலுவலகத்தில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோர் வாயிலும் அந்தப் பேர்தான். உன் மேனேஜர் உன் மேசைக்கே வந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார் என்றாய்.

அதே மேசையில்தான் மயங்கி விழுந்தாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். மேனேஜர் மலர் வளையம் அனுப்பினார். நேரில் வர நேரமில்லையாம்.

போன சனிக்கிழமை பெரியக்கா என்னை டத்தோ கிராமாட்டில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். மேடையில் கோட்டு சூட்டில் உன் மேனேஜர். இப்போது சொந்தக் கம்பெனியாம். பின்னால் பெரிய பேனர்: 'ஜெருக் திட்டம். ஊற ஊறத்தான் ருசி.' பணத்தைப் போட்டால் பல வருடத்துக்கு எடுக்க முடியாது. அதைத்தான் ஊறுவது என்றான்.

"எங்க பாட்டன் ஜாதிக்கா வியாபாரி. வெல விழுந்துச்சி, எல்லாரும் அள்ளி வித்தாங்க. அவரு மட்டும் ஜாடியில ஊறப் போட்டாரு. பொறுத்தாரு, ஜெயிச்சாரு. அப்ப வந்த பேருதாங்க, ஜெருக்."

கை தட்டினார்கள். அழகான கதை. உன் கணக்குப்படி வேறு சாட்சியே வேண்டாம்.

நான் எழுந்தேன். "அந்தப் பேர வச்சது என் மனைவி. விக்கத் தெரியாதவன கிண்டல் பண்ண வச்ச பேரு."

அவன் முகம் மாறவில்லை. நெஞ்சில் கை வைத்தான். "நம்ம தங்கச்சியோட வீட்டுக்காரரு. பாவம், தங்கச்சி இப்ப இல்ல. அவங்க ஆசீர்வாதமும் நம்ம திட்டத்துக்கு இருக்கு."

மறுபடி கை தட்டினார்கள். இந்த முறை உனக்காக. அந்தக் கைதட்டலை நான் மன்னிக்கப் போவதில்லை.

உன் பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா தம்பி, மேடையில அவளப் பத்திச் சொல்லிட்டாங்க. என் சேமநிதிப் பணத்த இதுலயே போட்றேன். அவ சொன்ன சொல்லு. அவளே கூட இருக்குற மாதிரி இருக்கு."

இத்தனை வருடம் ஆசிரியையாக உழைத்துச் சேர்த்த பணம். வேறு வருமானம் அவருக்கு இல்லை. இன்று கையெழுத்துப் போடுவதாக இருந்தார்.

போத்தலை அவர் மேசையில் வைத்துத் திறந்தேன். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். "அலமாக், என்ன தம்பி இது?"

"இதுதான்கா ஜெருக்."

நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாட்டன் இல்லை, ஜாடி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத்துணியோடு நீ, பதில் சொல்லாத நான். "சும்மா குடுத்தா சாப்பிடுவியா?" என்ற இடம் வந்ததும் அக்கா சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

"அவதான். அப்படியே அவ வாயி. அந்தப் படுபாவி சொன்னதுல அவ எங்கயுமே இல்லயே தம்பி." கையெழுத்துப் போடவிருந்த விண்ணப்பப் பாரத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

அந்த ஆள் அடுத்த வாரம் நிபோங் திபாலில் இதே கதையைச் சொல்வான். அங்கும் கை தட்டுவார்கள். உன் சொல்லை அவனிடமிருந்து என்னால் பிடுங்க முடியவில்லை. உன் அக்காவின் பணம் மட்டும் அவன் கைக்குப் போகவில்லை.

கிளம்பும்போது அக்கா போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"அப்புறம் நீ எதுக்கு தம்பி இத இன்னும் வச்சிருக்கே?"

உனக்குச் சொல்லாத பதிலை அவருக்கும் சொல்லவில்லை. மூடியை இறுக்கித் திருகினேன். காரில் நீ உட்காரும் பக்கம் வைத்தேன். வளைவில் சாய்ந்துவிடும் என்று பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.