பிரிக்காத சட்டைகள்

மார்ச் 4

அண்ணனுக்கு,

நலம். நீங்கள் தைத்து அனுப்பிய சட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்றாக வந்த முந்தைய ஐந்தைப் போல இந்தப் பார்சலையும் பிரிக்காமலே வைத்திருக்கலாம். ஏதோ புத்தியில் போட்டுப் பார்த்தேன். வயிற்றுக்கு நேரே பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

ஆறு வருஷத்துக்கு முன் உங்கள் கடையில், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எதிரில், என் வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு, "நாப்பது! வாத்தியாரே, உள்ள யாரை ஒளிச்சு வச்சிருக்கே?" என்று கேட்டீர்கள். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை. இப்போது தபாலிலும் கேலியா?

உயிரியல் நடத்துகிறவன் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டினால் கை கால்களில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு குறையும். வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும். சாப்பாட்டைக் குறைத்தாலும் சேரும். இது தீனி அல்ல, வயது.

இனி எதுவும் தைக்க வேண்டாம்.

தம்பி

மார்ச் 11

என் வாத்தியார் தம்பிக்கு,

சட்டை வந்தது. சத்தியமா கேலி இல்லடா. உனக்கும் எனக்கும் எப்பவும் ஒரே அளவுதானே. நீ வராததால, என் மேலயே போட்டுப் பார்த்து உனக்குத் தைக்கிறேன். நான் வத்திப்போனதை யோசிக்கல. எழுபது ஆச்சு. வயித்துக் கொழுப்பும் போச்சு, பின்னாடி சதையும் போச்சு. மெஷின் ஸ்டூல்ல உட்கார்ந்தா எலும்பு குத்துது. "உங்களையே ஹேங்கர்ல மாட்டலாம்"ங்கிறா உன் அண்ணி.

அன்னைக்கு எனக்கும் நாப்பதுதான். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். தப்புதான்.

சட்டையில ஏழு பட்டனும் இல்லை. தபால்ல அறுந்திருக்கும், புதுசு வச்சுடறேன். ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்கும், யாரும் இருக்க மாட்டாங்க. அளவு கொடுக்க வர்றியா?

அண்ணன்

மார்ச் 17

அன்புள்ள அண்ணா,

அலமாரியில் கிடந்த ஐந்து சட்டைகளையும் இன்று பிரித்துக் கட்டிலில் வரிசையாக விரித்தேன். ஒவ்வொன்றும் முந்தைய வருஷத்துச் சட்டையைவிடச் சிறியது. நீங்கள் இளைத்ததெல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. நான் பிரிக்கவில்லை. எழுபதில் உடம்பு என்ன ஆகும் என்பதும் நான் நடத்தும் பாடம்தான். உங்களை நினைத்து அதை ஒருநாளும் நடத்தியதில்லை.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் தபால்காரர்மேல் பழி வேண்டாம். பட்டன்களைக் கத்தரியால் வெட்டியது நான். ஏழும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இதை எழுதவே கூசுகிறது.

புதுப் பட்டன் வைக்காதீர்கள். ஞாயிறு காலை அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறேன், ஸ்டூலுக்கு ஒரு மெத்தையும். டேப்பைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லுங்கள். இப்போது நாற்பத்து நான்கு.

உங்கள் தம்பி