முதலாளி மகன் வாங்கிக் கொடுத்த கசப்பு பீர்

என் உசுரான முத்தக்காவுக்கு,

நான் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன், அக்கா. வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி என்னை லீட்ஸ் என்கிற ஊருக்கு அனுப்பியிருக்கிறது. வெயிலே இல்லாத ஊர். நீ பார்த்தால், "இங்கன எப்பிடிலே பட்டாசு காயும்?" என்றுதான் முதலில் கேட்பாய்.

போன சனிக்கிழமை நான் பீர் குடித்தேன். திட்டாதே. அப்பா குடித்தே போன பிறகு, "நீ அதத் தொட்டா ஏம் மூஞ்சில முழிக்காத" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. ஆனால் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேள். நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன்.

இங்கே படிக்க வந்திருக்கிறான். தமிழர்கள் கூடிய பொங்கல் விழாவில் பார்த்தேன். "விஸ்வநத்தமா? நம்ம ஊரா அண்ணாச்சி!" என்று கட்டிக்கொண்டான். நான் யாருடைய தம்பி என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கலாம் என்றிருந்தது.

அங்கேயே காய்ச்சி விற்கிற ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். அந்த பீருக்குப் பெயரே 'பிட்டர்'. கைப்பம்பை இழுத்து ஊற்றினார்கள். விளக்கிய செம்பின் நிறம். ஐஸ் குளிர்ச்சி இல்லை, நுரையும் கொஞ்சம்தான். முதலில் வறுத்த தானிய வாசனை, கருப்பட்டி மாதிரி லேசாக ஓர் இனிப்பு. விழுங்கிய பிறகு, நாரத்தங்காய்த் தோலைக் கடித்தது போல ஒரு கசப்பு அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏதோ பூவைப் போட்டுக் காய்ச்சுகிறார்களாம்.

"பழகணும் அண்ணாச்சி. போகப் போகப் பிடிச்சிரும்."

பிடிக்கத்தான் செய்தது, அக்கா. அதுதான் எரிச்சல்.

போதை ஏறியதும் அவனாகவே பேசினான். ஊருக்குத் திரும்பிப் போய்க் கம்பெனியைப் பார்க்க மாட்டானாம். உன் உயிரையும் கொண்டுபோன அந்த வெடி விபத்துக்குப் பிறகு அவன் அப்பாவுக்கே தூக்கம் இல்லையாம்.

"யாரோ ஒரு பொண்ணு மருந்தக் கைதவறிப் போட்டதாலதான்னு சொன்னாகளே?" என்றேன்.

"அது கேசுக்குச் சொன்னது. தீபாவளி ஆர்டர், லோடு நிக்கிது. நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல அப்பா பத்துப் பேர உக்கார வச்சுட்டாக. மருந்து சூடாகுதுன்னு அந்தப் பிள்ள வந்து சொல்லியிருக்கு. போயி வேலையப் பாருன்னு அனுப்பிட்டாக."

"அந்தப் பிள்ள பேரு தெரியுமா?"

யோசித்தான். தெரியவில்லை.

"முத்துமாரி. எங்க அக்கா."

அவன் முகம் செத்துப்போனது. "அண்ணாச்சி, இத யார்ட்டயும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நான் அவனை அடிக்கவில்லை. மிச்சமிருந்ததைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஏன் குடித்து முடித்தேன்?

மறுநாள் அம்மாவுக்கு போன் போட்டேன். உன்னால்தான் தங்கள் பிள்ளைகள் போனார்கள் என்று தெருவில் நாலு வீட்டார் இன்னும் அம்மாவோடு பேசுவதில்லை. குழாயடியில் அவள் போனால் நகர்ந்துகொள்வார்கள். அவன் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"அவ சொல்லியிருக்காளா? சூடாகுதுன்னு போயிச் சொல்லியிருக்காளா?"

"ஆமாம்மா."

"இம்புட்டு வருசமா நானும்ல நம்பிட்டேன், ஏம் மக கைதவறித்தான் போட்டான்னு" என்று அழுதாள்.

அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன். சொன்னதைக் கோர்ட்டில் வந்து சொல் என்றேன். "எங்க அப்பா, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதன்பிறகு எடுக்கவே இல்லை. எடுக்கவும் மாட்டான்.

அம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அக்கா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த நாலு வீட்டுக்கும் போவேன். நடந்ததைச் சொல்வேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும், வாசலில் நின்றே சொல்வேன். நம்பாத வீட்டுக்கு அடுத்த வருடமும் போவேன்.

உன் கூடப்பிறந்தவன்,
கணேசன்