தட்டுபவர் பெயரில்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கேன்டீனில் பெரிய பட்டிமன்றம். பெண்களுக்குப் பொறுமை அதிகமாம், அதனால் புரோகிராமில் பிழை கண்டுபிடிக்க நாங்கள்தான் லாயக்காம். சொன்னவர் எங்கள் டெஸ்டர். பொறுமையா, எனக்கா? நேற்றுதான் பிரிண்டரை உதைத்தேன். என் பங்குக்கு நானும் ஒன்று எடுத்துவிட்டேன்: ஆண்கள் பேர் வைக்கச் சோம்பேறிகள், புரோகிராமில் எதைப் பார்த்தாலும் தற்காலிகப் பேராக டெம்ப் ஒன்று, டெம்ப் இரண்டு என்றே வைத்துத் தொலைப்பார்கள் என்று. எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வந்து என் பழைய வேலை ஒன்றைத் திறந்தால், அதில் டெம்ப் மூன்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற நெட்டையும் நானும் இன்றும் ஜோடியாகத்தான் வேலை பார்த்தோம். எங்கள் டீமில் அதுதான் வழக்கம். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் தட்டுவார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துச் சொல்வார். நான் நாலு விரலால் தடவித் தடவி அடிப்பவள். அவன் கை பறக்கும். அதனால் எப்போதும் அவன் கம்ப்யூட்டர், அவன் கீபோர்டு, என் வாய். கல்யாணத்துக்கு அப்புறமும் இதே ஏற்பாடுதானா என்று ஆளாளுக்குக் கிண்டல். இருந்துவிட்டுப் போகட்டுமே.

மார்ச் 5, புதன்

அம்மா போனில். தேதி குறிக்கலாமா என்று மறுபடியும். மே மாதம் பார்க்கலாம் என்றேன். அவளுக்கு வாயெல்லாம் பல்; போனிலேயே தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

நெட்டைக்கு டீம் லீட் பதவி தருகிறார்களாம். மேனேஜர் மேடம் கூப்பிட்டுச் சொன்னாராம். மூச்சிரைக்க ஓடி வந்து முதலில் என்னிடம்தான் சொன்னான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்கும் வரைக்கும் சந்தோஷம்.

"கிடங்கு புரோகிராம்ல முக்கால்வாசி என் பேர்லதானே இருக்குன்னாங்க," என்றான்.

ஆமாம், அவன் பேரில்தான் இருக்கும். யார் கம்ப்யூட்டரில் தட்டுகிறோமோ அவர் பேர் தானாக ஏறிவிடும். மூன்று வருடமாக நான் சொல்லச் சொல்ல அவன் தட்டியிருக்கிறான். சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது, யாருக்குப் போகிறது, தீர்ந்துபோனால் என்ன செய்வது — எல்லாம் நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது. என் பேரைத் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. மற்றபடி நான் அந்த டீமிலேயே இல்லை.

"அதுல என் பேரு எங்கடா?" என்றேன்.

அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. "நான் இத யோசிச்சே பாக்கல," என்றான்.

அதுதான் தாங்க முடியல. திருடியிருந்தா சண்டையாவது போடலாம். யோசிக்கவே இல்லையாம்! சரி, அவனுக்குத்தான் தோணல. என் புத்தி எங்க மேயப் போச்சு? மூணு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசிட்டு, இப்ப வந்து ஒப்பாரி வைக்கிறேன். எனக்கு அந்த லீட் வேலை வேணும். வேணும்னு இன்னிக்குத்தான் தெரியுது.

மார்ச் 8, சனி

தேதி இப்போது வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

"அவனுக்குக் கிடைச்சா உனக்குக் கிடைச்ச மாதிரிதானே?" என்றாள்.

"அப்ப எனக்குக் கிடைச்சா?"

"அது வந்து..." என்று இழுத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

நெட்டை மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் போகச் சொல்லவில்லை, அவனாகவே போனான். காதலிக்காகப் பரிந்து பேசுகிறான் என்று நினைப்பார்களோ என்ற பயம் அவனுக்கு இருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் போனான். அந்த அளவுக்கு அவன் நல்லவன்தான், இதை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"எவ்வளவு பெருந்தன்மைன்னாங்க. இந்த மனசுதான் லீடுக்கு வேணுமாம். உண்மையச் சொன்னதுக்கும் எனக்கே மார்க் போட்டுட்டாங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அவன் பாவம், டிஷ்யூவைத் தேடி மேசை மேசையாக அலைந்தான்.

"நான் என்னதான் பண்ணணும், சொல்லு."

"ஒரு வாரம் இடம் மாறி உட்காருவோம். என் கம்ப்யூட்டர், என் கை. நீ சொல்லு, நான் தட்டறேன்."

லீட் விஷயத்தில் ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்வதாக மேடத்திடம் சொல்லிவிட்டான்.

மார்ச் 11, செவ்வாய்

விரலெல்லாம் வலிக்கிறது. அவனுக்குக் கை பரபரக்கிறது, சும்மா உட்கார முடியவில்லை. "கமா விட்டுட்ட. அங்க, அங்க, கமா."

"கமா சொல்ல ஒரு ஆளா? அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுப்பா."

முழித்தான்.

மார்ச் 12, புதன்

இன்றும் முழித்தான். பாவமாகத்தான் இருக்கிறது. கீபோர்டை மட்டும் கொடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த சிக்கல்: கிடங்கில் கடைசியாக ஒரே ஒரு பெட்டி இருக்கும்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினால் இரண்டு பேருக்கும் விற்றுவிடுகிறது. காலையிலிருந்து இதோடுதான் மல்லுக்கட்டினோம். திடீரென்று நெட்டை சொன்னான், "முதல்ல தொட்டவருக்குப் பெட்டியக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுக்கலாம். வாங்கலன்னா தானா விட்டுரட்டும்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவனுக்கே நம்ப முடியவில்லை. "சரியா வருமா?" என்கிறான். வந்தது.

போகும்போது சொன்னான், "இத்தனை நாள் நீ சும்மா பேசிட்டிருக்கன்னு நெனச்சுட்டேன். இது எவ்வளவு கஷ்டம்." இந்த வாரத்தில் முதல்முறையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

மேடம் எங்கள் இடத்துக்கே வந்தார். கடைசிப் பெட்டிச் சிக்கல் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறார், என் பேரில். "பிரமாதம்மா, எப்படிச் செஞ்ச?" என்றார். நான் திரையைக் காட்டிக் கடகடவென்று விளக்கினேன். பிடித்து வைத்தேன், விடுவித்தேன், சோதித்தேன். நெட்டை பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அது அவன் யோசனை. அவன் பேர் என் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சத்தியமாக. தோன்றவே இல்லை. ஐயோ.

மார்ச் 18, செவ்வாய்

மேடம் எங்கள் பக்கம் வந்ததும் எழுந்து நின்றேன். "மேடம், நேத்து நான் காட்டினது இவரோட யோசனை. நான் தட்டினேன், அவ்வளவுதான்."

மேடம் என்னைப் பார்த்தார். "அப்ப இதுல உன்னோடது எது?"

அவன் இதையேதான் போய்ச் சொன்னான். அவனுக்குப் பெருந்தன்மை. எனக்கு இந்தக் கேள்வி. மேடம் கெட்டவர் இல்லை, வேண்டுமென்றே கேட்கவும் இல்லை.

"மிச்சமெல்லாம், மேடம்," என்றான் நெட்டை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "போன மூணு வருஷத்தையும் சேத்து. ஒரு வாரம் அந்த இடத்துல உட்கார்ந்து பாத்துட்டேன். லீட் வேலை எனக்கு வேண்டாம். அவதான் சரியான ஆள்."

மேடம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றார்.

சொன்னேன். மதியச் சாப்பாடு தவறிப்போனது.

ஏப்ரல் 2, புதன்

டீமில் எல்லாருடைய லீவும் இப்போது என் ஒப்புதலுக்குத்தான் வருகிறது. இன்று காலை நெட்டை விண்ணப்பித்திருந்தான். காரணம்: திருமணம். தேதி மட்டும் போடவில்லை.

தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தேன். அவன் என்னவோ தலைபோகிற வேலை மாதிரித் திரையை முறைத்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது.

மே 23 முதல் ஜூன் 6 வரை என்று நானே போட்டு, அனுமதித்தேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.