தபால் பெட்டியில் ஒரு கூடு

அப்பாவுக்கு வணக்கம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? தங்கை மகள் கல்யாணத்தில் தாய்மாமனாகத் தம்பியை மட்டும் நிறுத்தினீர்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவன், பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தீர்களா?

இங்கே பனி உருகித் தோட்டம் துளிர்த்துவிட்டது. வாசலில் என் தபால் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது.

"உங்க பெட்டிக்கு ஒண்ணும் வராதுன்னு அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு சார்" என்று தபால்காரர் இந்த ஊர்ப் பாஷையில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

குஞ்சுகள் பறக்கும்வரை பதில் போடாதீர்கள். அதற்குப் பிறகும் போடமாட்டீர்கள் என்று தெரியும். முடிந்தால், அம்மா இருக்கும் கல்யாணப் போட்டோ ஒன்று தம்பியை அனுப்பச் சொல்லுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. எழுத்தைப் பார்த்தே யாரென்று தெரியாவிட்டால் பெயர் எதற்கு? பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.