மறுவிதைப்புக்கு நாற்பது மூட்டை

மதினி,

காலையில், மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் கதவைத் திறந்ததும் விதைநெல்லில் கலக்கும் மருந்தின் நெடி முகத்தில் அடித்தது. பங்குனியில் நீங்கள் கண்ணை மூடியபிறகு நான் உள்ளே போய் நின்றது இன்றுதான். ஆடி பிறந்துவிட்டது. திருவாடானையில் மற்ற விதைக்கடைக்காரர்கள் இந்தப் பருவத்துக்கு என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று பட்ஜெட் போட்டு முடித்திருப்பார்கள். அண்ணன் மனைவியாக வந்த நீங்களும், புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நானும் சேர்ந்து நடத்திய கடையில், அதைப் போட்டது எப்போதும் நீங்கள். நான் விற்றவள். நோட்டை விரித்து வைத்தேன்.

கணக்கு என்னவோ சின்னதுதான். எவ்வளவு விற்கும், மறுவிதைப்புக்கென்று எவ்வளவு கையில் இருக்க வேண்டும், அதில் கிட்டங்கியில் இருப்பதைக் கழித்தால் வாங்க வேண்டியது. பயமே அந்த 'எவ்வளவு விற்கும்' என்பதில்தான். ஆவணியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற சனம் நம்முடையது. தூறலில் முளைத்தது கருகினால் மறுபடி விதைப்பார்கள். மழையே இல்லையென்றால் யாரும் கடைப்பக்கம் வரமாட்டார்கள். பெய்யாத மழைக்கு எத்தனை மூட்டை என்று எழுதுவது?

நீங்கள் டவுன் பஸ் ஏறி ஊர் ஊராகப் போவீர்கள். எந்தக் கண்மாயில் மடை உடைந்து கிடக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய் நிலம் தரிசாகிவிட்டது, யார் நெல்லை விட்டு மிளகாய்க்குப் போகிறார் என்று விசாரித்து எழுதி வருவீர்கள். அதற்குப் பிறகும் எண்ணை அடித்து அடித்துக் குறைப்பீர்கள்.

"இப்படிப் பயந்தா பெட்டிக்கடைதேன் வைக்கணும் மதினி" என்று நான் கேலி செய்வேன்.

"துணி மிஞ்சுனா தள்ளுபடி போட்டு வித்துரலாம் தாயி. விதை மிஞ்சுனா?" என்பீர்கள்.

ஒரு வருடம் நீங்கள் இருநூறு மூட்டை என்று எழுதினீர்கள். அதற்கு முந்தின பருவத்தில் சரக்கில்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பிய எரிச்சல் எனக்கு. உங்களுக்குத் தெரியாமல் விதைக் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு முந்நூறு என்று சொல்லிவிட்டேன். லாரியிலிருந்து இறங்க இறங்க நீங்கள் எண்ணினீர்கள்.

"இதென்ன தாயி, நூறு கூட இருக்கு?"

"நான் வித்துத் தாரேன் மதினி."

நோட்டில் இருநூறை அடித்து முந்நூறு என்று எழுதினீர்கள்.

அந்த வருடம் மழை ஏய்த்துவிட்டது. விற்காமல் மிஞ்சிய மூட்டைகளில் தைத்திருந்த சீட்டின் கெடு தேதியும் தாண்டிப்போனது. கம்பெனி திருப்பி எடுக்க மறுத்தது. கெடு முடிந்த பத்தாம் நாள், ஐப்பசிக் கடைசியில், ஒரே ஒரு நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊரிலிருந்து ஒரு விவசாயி ஓடி வந்தார்.

"போட்டதெல்லாம் கருகிப்போச்சு ஆத்தா. மூணு மூட்டை குடுங்க, இந்த ஈரத்துலயே விதைச்சுர்றேன்."

நான் அவருக்குக் கொடுக்க அடுக்கிலிருந்து மூட்டையைப் புரட்டி இறக்கிவிட்டேன். நீங்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இது நாள் கழிஞ்ச விதைண்ணே. ராமநாதபுரத்துல பாருங்க" என்று அவரை அனுப்பினீர்கள்.

"பத்து நாள்ல என்ன கெட்டுப்போகும்?" என்று நான் சத்தம் போட்டேன். நீங்கள் ஒரு பிடி நெல்லை ஈரச்சாக்கில் முடிந்து வைத்தீர்கள். நான்காம் நாள் பிரித்து எண்ணினோம். கிட்டங்கி வெக்கையில் கிடந்த விதை. நூற்றுக்கு ஐம்பதுகூட முளைவிடவில்லை. அந்த மனிதரின் வயல் கண்ணுக்குள் வந்தது.

மருந்து கலந்த நெல், கோழிக்குக்கூடப் போட முடியாது. கடைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். நான் அழுதுகொண்டே மண்ணைத் தள்ளினேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "எனக்கு மட்டும் தைரியமா இருக்க ஆசை இல்லையா தாயி? ரெண்டு பேர்ல ஒருத்தியாச்சும் பயந்துக்கிட்டு இருக்கணும்ல" என்றீர்கள். உங்களுக்கு அது சுபாவம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் பங்கையும் சேர்த்து நீங்கள் பயந்துகொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

இந்த வாரம் நானும் பஸ் ஏறினேன். போன இடத்திலெல்லாம், "இந்த வருசம் மழை எப்படி ஆத்தா?" என்று என்னையே கேட்டார்கள். ஒரு கண்மாய் முழுக்கக் கருவேலமாகக் கிடந்தது. அந்தக் கண்மாய்ப் பாசன வயலில் ஒருவர் உழுது முடித்து, விதைக்குக் காத்திருந்தார். எந்த ரகம் நல்லது என்று கேட்டு, நான் சொன்னதை அப்படியே நம்பினார். பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்து எனக்கு வேர்த்துக் கொட்டியது.

விற்கும் என்று நூற்றைம்பது. மறுவிதைப்புக்கு நாற்பது. கெடு தாண்டாத இருப்பு பத்தைக் கழித்து, நூற்றெண்பது. நான்கு தடவை அடித்து எழுதிய எண் அது. மதியம் கம்பெனிக்காரர் வந்து ஆர்டர் சீட்டைப் பார்த்தார்.

"என்னக்கா, கொறைச்சலா இருக்கு? பயமா?"

இந்தக் கேள்விக்காகவே ஐம்பது கூட்டிப் போட்டிருப்பேன், முன்பென்றால்.

"ஆமா தம்பி, பயமாத்தேன் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போய்விட்டார். நாற்பது போதுமா, அதிகமா, தெரியவில்லை மதினி. வேறு ஊருக்குப் போகும் லாரிச் சத்தத்துக்குக்கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீங்கள் பயந்த மாதிரியே பயப்படக் கற்றுக்கொண்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்யத்தான் ஆள் இல்லை.