முகாம் வாசலில் நின்றவர்

எத்தாளை
02.11.2009

அன்புள்ள கில்பட் அறிய,

பிள்ளைக்குச் சுகம். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீங்கள் போன் எடுக்கிறீர்கள், நான் பதில் சொல்வதில்லை. குரலைக் கேட்டால் என் கோபம் இளகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி டயனாவை வெள்ளிக்கிழமை அகதி முகாமிலிருந்து விட்டார்கள். மூத்தவனுடன் வந்திறங்கினாள். கைக்குழந்தை எங்கேயென்று கேட்டேன். காய்ச்சலில் போய்விட்டதாம். வவுனியாவிலேயே அடக்கம் செய்தார்களாம்.

"எல்லா முகாமிலும் விசாரிச்சிட்டன், டயனா எண்டு ஒருத்தரும் இல்லை" என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். அவள் சொல்வது வேறு.

"அக்கா, வாசலில அத்தான்தான் டியூட்டி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கோ அத்தான் எண்டு கேட்டன். தெரியாத ஆள் மாதிரிப் பார்த்தார். 'யன்ன' எண்டு சிங்களத்தில துரத்திவிட்டார்."

இது உண்மையா?

சுஜாந்தி

வவுனியா
11.11.2009

என் அன்பு சுஜாந்திக்கு,

ஓம். உண்மைதான்.

பக்கத்தில் ஒபிசர் நின்றார். டயனாவின் புருஷனை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். தமிழ் பேசும் ஆமிக்காரனை இங்கே சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். சொந்தம் என்று தெரிந்தால் என்னையும் விசாரணைக்குக் கொண்டுபோவார்கள். பிறகு நீயும் பிள்ளையும் என்ன செய்வீர்கள்? குழந்தைக்கு அவ்வளவு கடுமை என்று நான் நினைக்கவில்லை. இறந்தது பிறகுதான் தெரியும்.

கிறிஸ்மசுக்கு லீவு கிடைத்திருக்கிறது. எனக்காக நீதான் டயனாவிடம் கதைக்க வேண்டும்.

உன் கில்பட்

எத்தாளை
20.11.2009

கில்பட்,

உங்கள் கடிதத்தை டயனாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கேட்டாள். "அத்தானும் பாவம், பயந்திட்டார். கோவிக்காதேங்கோ அக்கா" என்றாள். உங்களுக்காகக் கதைத்தவள் அவள், நான் அல்ல.

பயம் எனக்கு விளங்காததல்ல. வாசலில் முகத்தைத் திருப்பினீர்கள், சரி. டியூட்டி முடிந்தபின் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே. எனக்கு ஒரு போன் எடுத்திருந்தால் பஸ் ஏறி வந்து அந்த முள்ளுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பேன். குழந்தையை மண்ணுக்குள் வைத்த பிறகும் போனில் "இன்னும் தேடுறன்" என்றீர்களே, அப்போது உங்கள் பக்கத்தில் எந்த ஒபிசர் நின்றார்?

லீவுக்குப் பாலாவியில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள். பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுவேன். உள்ளே வரமாட்டேன்.

டயனா மன்னித்துவிட்டாள். அது அவளுடைய மனம். எனக்கு அந்த மனம் இல்லை.

சுஜாந்தி