நாற்பது நோட்டில் என் வீட்டு விஷயம்

மே 3, 1982. திங்கள்.

வெயில். கத்திரி நாளைக்குத்தான் ஆரம்பமாம். இன்றைக்கே மண்டை பிளக்கிறது. லீவு நாளில் நாற்பது ஆசிரியர்களைப் பிடித்து, தகரக் கூரையின் கீழே உட்கார வைத்து, இரண்டு வாரம் இங்கிலீஷ் பயிற்சி. எனக்காவது உள்ளூர், மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் லாட்ஜில் வேகிறார்கள். ஒரே ஃபேன். அதுவும் பாடம் எடுக்க வந்த மெட்ராஸ்காரர் தலைக்கு மேல். (இனி மெ.)

இன்று ஒலிகள். இங்கிலீஷ் ‘ப’ சொன்னால் வாயிலிருந்து காற்று வர வேண்டுமாம். முகத்துக்கு நேரே காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு “பென், பின், பாட்”. காகிதம் ஆட வேண்டும். பக்கத்து நாற்காலி கண்ணப்பன், பதினைந்து வருஷ சர்வீஸ், வாய் நிறைய வெற்றிலை. காகிதம் ஆடவில்லை, சிவந்தது. இரண்டு துளி என் வேட்டியில்.

“சாரி சார், காத்து கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சு.”

வீட்டுக்கு வந்ததும் வேட்டியை ஊற வைத்தேன். கறை போகவில்லை.

மே 5, புதன்.

இன்று ஆளுக்கொரு கைக்கண்ணாடி. எந்த ஒலிக்கு நாக்கு எங்கே போகிறது என்று பார்க்க. நாற்பத்திரண்டு வயதில் என் நாக்கை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். வெள்ளையாக, தடியாக. சீ.

காலையில் கையெழுத்து, மதியம் கையெழுத்து. நடுவில் பாதிப் பேர் காணோம். மெ. சொல்லின் பகுதி, விகுதி, அர்த்தமுள்ள மிகச் சிறிய துண்டு என்று தொண்டை கட்டக் கத்துகிறார். கண்ணப்பன் குறட்டை.

விழித்ததும் கேள்வி: “வீட்ல இன்னும் வரலியா சார்?”

“தங்கச்சிக்குப் பிரசவம். அம்மா வூட்டுக்குப் போயிருக்கா.”

ஜனவரியிலிருந்து இதே பிரசவம். எல்லாரிடமும் இதே பொய். உண்மை: என் மனைவி சரோஜா அவள் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள். நான் சிவப்பு மையில் திருத்தி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்று வேறு. மறுநாள் காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போய்விட்டாள். போகட்டும், தானாக வருவாள் என்று இருந்தேன். இன்னும் இருக்கிறேன்.

மே 7, வெள்ளி.

ரெக்கார்டு நோட்டு எழுதும் நாள். இறந்த, நிகழ், எதிர் என்று ஒவ்வொரு காலத்துக்கும் சொந்த வாக்கியம் வேண்டும். மெ. சொன்னார்: “ராமன் ராவணனைக் கொன்றான், அதெல்லாம் வேணாம். உங்க வாழ்க்கையிலேர்ந்து எழுதுங்க. நான் மட்டும்தான் பாப்பேன்.”

எழுதினேன். என்ன பிசாசு பிடித்ததோ. தமிழில் யாரிடமும் சொல்ல வராதது இங்கிலீஷில் சரசரவென்று வந்தது.

‘என் மனைவி ஜனவரியில் போய்விட்டாள். நான் அவள் கடிதத்தைத் திருத்தினேன். என் மனைவி இன்னும் திரும்பி வரவில்லை. நான் தினமும் காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன். அவள் இனி வர மாட்டாள்.’

எல்லாக் காலமும் முடிந்தது.

மே 8, சனி.

அரிசி, சீயக்காய், பிளேடு வாங்கினேன். கண்ணப்பன் வாசலில். “நோட்டக் குடுங்க சார். ஒரு பார்வ பாத்துட்டுத் தந்துடறேன்.” படிக்க மாட்டார், அப்படியே பார்த்து எழுதத்தான் செய்வார் என்று தெரியும். அந்தத் தைரியத்தில் கொடுத்தேன். மடையன்.

மே 11, செவ்வாய்.

நோட்டு லாட்ஜ் லாட்ஜாகப் போயிருக்கிறது. முப்பத்தொன்பது பேர்! வரி மாறாமல்!

மாதிரி வகுப்பு. கண்ணப்பன் ஆசிரியர், நாங்கள் மாணவர்கள். கரும்பலகையில் என் வாக்கியம். கோல் நுனியில் தட்டித் தட்டி, “எல்லாரும் சொல்லுங்க!”

“மை ஒய்ஃப் ஹேஸ் நாட் கம் பேக்.”

தகரம் அதிர்ந்தது. பெண் டீச்சர்கள் எட்டுப் பேரும் சேர்ந்து ‘மை ஒய்ஃப்’. என்ன சொல்கிறோம் என்று ஒரு ஜென்மத்துக்கும் தெரியவில்லை. மூன்று தடவை. நானும் சொன்னேன்.

மெ. நோட்டுகளைப் புரட்டினார். “ஏங்க, நாப்பது பேர் சம்சாரமும் ஜனவரியிலயே போயிட்டாங்களா?” ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான், பத்மாவதி டீச்சர். ஜைனர் வீடு. இருட்டுவதற்கு முன் சாப்பிட வேண்டும் என்று தினமும் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடுபவர். ஊர் கீழ்பென்னாத்தூர். சரோஜாவின் அம்மா வீட்டுக்கு அடுத்த தெரு.

செத்தேன்.

மே 13, வியாழன்.

வெயிலுக்கு மோர் மட்டும். டீச்சர் படிக்கட்டில் மறித்தார்.

“சார், நானும் உங்க நோட்டப் பாத்துதான் எழுதினேன். பொய் சொல்லல. ரெண்டு டம்ளர்னு வருது பாருங்க, அங்கதான் எனக்குப் புரிஞ்சுது. சரோஜாவுக்குப் படிச்சு, அர்த்தம் சொன்னேன்.”

நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

“கடைசி வாக்கியம் தப்பாம் சார். ‘வர மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? இவரு வந்து கூப்ட்டாரா?’ன்னு கேக்கறா.”

மே 16, ஞாயிறு.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. காலடியில் வேர்க்கடலை மூட்டை, தோளில் யாரோ ஒருவர் வியர்வை. பத்தரைக்கு இறங்கினேன். என்னைப் பார்த்ததும் மாமியார் உள்ளே போய்விட்டார். சரோஜா வாசலில். இளைத்திருக்கிறாள்.

“நாப்பது பேருக்கு எழுதிக் காட்டத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்ல நாலு மாசமா?”

“வா, போகலாம்” என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

உள்ளே போனாள். ரொம்ப நேரம். நாலாக மடித்த தாளோடு வந்தாள்.

“திருத்தாம படிங்க.”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிரித்தேன். ஒன்பது வரி. மூன்று பிழை. மூன்றையும் எண்ணி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறாள் என்றே பார்த்தேன். தூ, நானும் ஒரு மனுஷன்!

வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள்.